பூட்டும் பேரேடும்

இரவு ஒன்பது மணிக்குக் கடைத்தெருவில் நின்றால் ஒரு காட்சி தவறாமல் கண்ணில் படும். விளக்கை அணைத்து, கல்லாவைக் காலி செய்து, இரும்புக் கதவைக் கடகடவென்று இறக்கிய கடைக்காரர், குனிந்து பூட்டைப் போட்டபின் அதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்; பத்தடி நடந்தவர் என்ன நினைத்துக்கொண்டோ திரும்பி வந்து, மறுபடியும் ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டாகவே அது இருந்தாலும் அவருடைய சந்தேகம் தீர்வதில்லை. இந்த ஜாக்கிரதையைப் பரிகாசம் செய்வது என் நோக்கமல்ல. ஆனால், நான் அறிந்த சிறு ஸ்தாபனங்களில் நொடித்துப்போனவற்றை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கையில், பின்சுவரில் கன்னமிட்டு வந்த திருடனால் கெட்டது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. முன்வாசல் வழியாகவே வந்து, நாற்காலியில் சாவகாசமாக அமர்ந்து, காப்பி சாப்பிட்டு, 'அடுத்த மாசம் பார்த்துக்கலாம்' என்று சொல்லிப்போன கௌரவமான மனிதர்களால் கெட்டவையே வரிசையாக வந்து நிற்கின்றன.

திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒருவர் பவர் டேபிள் வைத்திருக்கிறார். பனியன் கம்பெனிகள் வெட்டிக் கொடுக்கும் துணியை வாங்கி, ஓவர்லாக், பேட்லாக் மெஷின்களில் தைத்து, பீஸுக்கு இவ்வளவு என்று கூலி பெறும் சிறிய தையல் கூடத்துக்கு அவ்வூரில் அதுதான் பெயர். தகரக் கூரையின் கீழ் பன்னிரண்டு மெஷின்கள். தரை முழுவதும் நூல் பிசிறு. சுவரில் ஒரு காலண்டர், அதில் சனிக்கிழமைகள் மாத்திரம் பேனாவால் வட்டமிடப்பட்டிருக்கும். சனிக்கிழமை கூலி நாள். பத்து ஆண்டுகளாக ஒரே ஏற்றுமதிக் கம்பெனிக்குத் தைத்து வந்த அவரிடம், இன்னும் இரண்டொரு இடங்களில் வேலை கேட்டு வைத்துக்கொள்ளக் கூடாதா என்று முன்பொரு சமயம் கேட்டேன். "நம்ம அண்ணன் கம்பெனி இருக்கறப்ப வேற பார்ட்டி எதுக்குங்க? வாரா வாரம் பணம் வந்துருதுங்க" என்றார். அவர் சொன்னதில் பொய்யில்லை. அந்த 'அண்ணன்' உண்மையிலேயே நாணயஸ்தர்தான்.

நாணயத்துக்கும் நிலுவைக்கும் எப்போதும் சம்பந்தம் இருப்பதில்லை என்பதுதான் இதில் உள்ள சங்கடம். திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், 2025 ஆகஸ்ட் 27 முதல் அந்நாட்டு அரசாங்கம் இந்தியச் சரக்கின்மீது 50 சதவீத வரியை அமல்படுத்தியது. அங்கே ஆர்டரை நிறுத்திவைத்த வியாபாரியை என் நண்பர் கண்டதுமில்லை, அவர் பெயரைக் கேட்டதுமில்லை; ஆயினும் அவர் நிறுத்தியதால் ஏற்றுமதியாளரின் பணம் நின்றது, அது நின்றதால் பவர் டேபிளின் கூலி நின்றது. முப்பது நாள் நிலுவை அறுபதாகி, அறுபது தொண்ணூறாகியது. "போனை எடுத்துப் பேசறாரே, அதுவே பெரிசுங்க" என்று நண்பர் சொன்னபோது, வட்டமிட்ட சனிக்கிழமைகளுக்காக அவர் மனைவியின் வளையல்கள் அடகுக்குப் போயிருந்தன.

விற்பனையைப் பெருக்குவது ஒரு காரியம், ஆபத்துக்குக் காப்புத் தேடுவது வேறொரு காரியம் என்று இவ்விரண்டையும் பிரித்துப் பேசுவது பெரிய கம்பெனிகளின் சம்பிரதாயம். அங்கே இரண்டுக்கும் தனித்தனி அதிகாரிகளும் தனித்தனி அறைகளும் உண்டு. பன்னிரண்டு மெஷின் வைத்திருப்பவருக்கோ இரண்டும் ஒன்றேதான். இரண்டாவது வாடிக்கையாளரைத் தேடிப் போவது அவருக்கு விளம்பர ஆடம்பரமன்று. தீயணைப்புக் கருவியைப் போன்ற ஒரு முன்னேற்பாடு. பேரேட்டைத் திறந்து, வருகிற நூறு ரூபாயில் ஒரே பார்ட்டியிடமிருந்து வருவது எவ்வளவு என்று கணக்கிட்டுப் பார்க்கையில், அது நாற்பதைத் தாண்டினால் கவலைப்படத் தொடங்கலாம் என்பது என் அபிப்பிராயம். அறுபதைத் தாண்டினால், அவர் தமக்கென்று தொழில் நடத்தவில்லை. அந்தப் பார்ட்டியிடம் சம்பள நிச்சயமில்லாத உத்தியோகம் பார்க்கிறார் என்றே கொள்ளவேண்டும்.

'நிலுவைக்குச் சட்டம் இல்லையா?' என்று கேட்கலாம். இருக்கிறது; நல்ல சட்டமாகவே இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில்களிடம் சரக்கோ சேவையோ வாங்கியவர், எழுத்து மூலமான ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாட்களிலும், ஒப்பந்தம் எவ்விதமாக இருப்பினும் 45 நாட்களுக்கு மிகாமலும் பணம் கொடுத்தாகவேண்டும். தவறினால், ரிசர்வ் பாங்கு அறிவிக்கும் பாங்கு விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் வட்டிக்கு வட்டியாக. இதற்கென்று அமைந்த வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம். அங்கே தோற்ற வாங்குபவர் அத்தீர்ப்பை ரத்துச் செய்யக் கோர்ட்டுக்குப் போவதானால், தீர்ப்பான தொகையில் 75 சதவீதத்தை முதலில் கட்டிவிட்டே போகவேண்டும். போதாக்குறைக்கு, இந்தக் கெடுவுக்குள் கொடுக்காத பணத்தை, அது உண்மையில் கொடுக்கப்படும் வருஷம் வரையில் வாங்கியவர் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற திருத்தமும் 2024 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்துவிட்டது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு இந்தப் பாதுகாப்புக் கிடையாது என்பதை மாத்திரம் நினைவில் வைக்கவேண்டும். பாங்குக் கடன் சலுகைக்காகவே அவர்களுக்கு இந்தப் பதிவு அனுமதிக்கப்பட்டிருக்கிறது.

இவ்வளவு இருந்தும் என் நண்பர் முறையிடவில்லை. முறையிட்டால் அடுத்த ஆர்டர் வராது. அடுத்த ஆர்டர் தருவதற்கு வேறு ஆளும் இல்லை. சட்டம் அவர் கையில் கொடுத்த கத்தி கூர்மையானதுதான்; ஆனால் அதை உருவுவதற்கு வேண்டிய தைரியத்தை இரண்டாவது வாடிக்கையாளர்தான் கொடுக்க முடியும்.

இதே விதி சரக்கு வரும் வழிக்கும் பொருந்தும். நொய்யல் ஆற்றில் கழிவுநீர் கலந்த வழக்கில், 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர்நீதிமன்றத்தின் உத்தரவால் திருப்பூரின் எழுநூற்றுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, ஆற்றுக்கு நியாயம் கிடைத்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தவறேதும் செய்யாத தையல்காரருக்கும் சாயம் ஏறிய துணி வராமல் மெஷின்கள் நின்றன. வெளியூரில் சாயமிடுபவரை முன்பே தெரிந்து வைத்திருந்தவர்கள் மாத்திரம் சற்று மூச்சுவிட்டார்கள்.

இனி இன்ஷூரன்ஸ். பாங்குக் கடன் வாங்கியவர்கள் பெரும்பாலோரிடம் ஒரு பாலிஸி இருக்கும். அதைப் படித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. 2015 டிசம்பரிலும், மறுபடி மிக்ஜாம் புயலின்போது 2023 டிசம்பரிலும் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வெள்ளம் புகுந்து, லேத்துகளும் மோட்டார்களும் சேற்றில் நின்றபோதுதான் பலர் அந்தத் தாளைத் தேடி எடுத்தார்கள். அதில் முதலாவதாகக் கவனிக்கவேண்டியது தொகை. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக, 20 லட்ச ரூபாய்ச் சரக்கை 10 லட்சத்துக்கு இன்ஷூர் செய்தவருக்கு, 6 லட்ச ரூபாய்ச் சரக்கு நனைந்து நாசமானால் 6 லட்சம் முழுமையாக வந்துவிடாது. பாதிக்குத்தான் காப்புச் செய்தீர், ஆகவே நஷ்டத்திலும் பாதி என்று 3 லட்சத்தைக் கணக்கிட்டுக் கையில் கொடுப்பார்கள். இது மோசடியன்று; பாலிஸியிலேயே எழுதியிருக்கும் நிபந்தனை. இரண்டாவது, என் நண்பரைப் போன்ற கூலித் தொழில்காரர்களின் கூடத்தில் கிடக்கும் துணி அவர்களுடையதே அல்ல. பிறர் சரக்கு நம் பொறுப்பில் இருக்கிறது என்பதைப் பாலிஸியில் தெளிவாக எழுதி வாங்காவிட்டால், தீப்பிடித்த மறுநாள் கம்பெனிக்காரருக்குப் பதில் சொல்வது பெரும்பாடாகிவிடும். மூன்றாவது, பூட்டை இழுத்துப் பார்ப்பவருக்கு உரியது: கதவையோ ஜன்னலையோ உடைத்த அடையாளத்தோடு நடந்த களவுக்குத்தான் சாதாரணத் திருட்டுப் பாலிஸி பணம் தரும், பகலில் கடைப்பையன் சிறுகச் சிறுக எடுத்துப் போனதற்குத் தராது.

விளம்பரத்தைப் பற்றி நீளமாகச் சொல்லவேண்டியதில்லை. அதற்கு உபதேசம் செய்பவர்கள் ஏராளம். ஒன்றை மாத்திரம் சொல்லலாம். கடையின் நல்ல பெயர் என்பது பதினைந்து வருஷ உழைப்பில் சேர்ந்த சொத்து. அதைப் பத்திரமில்லாமல் வைத்திருப்பவர்கள்தாம் அதிகம். கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அது ஊரின் பெயருக்குக் கிடைத்த காப்பு. அந்த ஊரிலுள்ள ஒரு கடைக்காரர் தம் கடைப் பெயரை அடுத்த தெருக்காரர் பலகையில் எழுதிக்கொள்வதைத் தடுக்கவேண்டுமானால், தாமே வணிகச் சின்னமாகப் பதிந்துகொள்ளவேண்டும். தனி நபருக்கும் சிறு தொழிலுக்கும் இணையவழி விண்ணப்பக் கட்டணம் ஒரு வகைச் சரக்குக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும், பிறகு புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு நல்ல பெயர்ப்பலகைக்கு இதைவிட அதிகம் செலவழிக்கிறோம்.

என் நண்பர் இப்போது இரண்டு புதிய இடங்களுக்குத் தைக்கிறார். ஒன்று, ஈரோட்டு ஜவுளிக் கடை ஒன்றின் உள்நாட்டு ஆர்டர். மற்றொன்று, பள்ளிக்கூடங்களுக்கு விளையாட்டுச் சீருடை தைத்துக் கொடுக்கும் ஒருவருடைய வேலை. கூலி பழைய கம்பெனியைவிடப் பீஸுக்குச் சற்றுக் குறைவுதான் என்று குறைப்பட்டுக்கொண்டார். 'அண்ணன்' பாக்கியில் பாதியைக் கொடுத்திருக்கிறார். மீதி இன்னும் நிலுவையில் இருக்கிறது.

நிலுவைக்காக மேலே சொன்ன 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பலனை நாடுகிற வாசகர்கள் முதலில் 'உத்யம்' எனப்படும் குறு, சிறு தொழில் பதிவைச் செய்துகொள்ளவேண்டும். சரக்கு கைமாறிய பிறகு பதிந்தால் அந்தப் பழைய பில்லுக்கு அது உதவாது. ஆதார் எண்ணும் பான் எண்ணும் இருந்தால் மத்திய அரசின் இணையதளத்தில் தாமாகவே பதிந்துகொள்ளலாம். பதிவு எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சிட்டுக்கொள்ளுங்கள். பதிவுக்குக் கட்டணம் எதுவும் கிடையாது, கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள்.