பாறைத் துளைப்பான்
காற்றழுத்த இயந்திரம், நீளும் தாங்குகாலுடன்
20ஆம் நூற்றாண்டு

கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டங்களுக்குக் கீழே காரீயம் பாறைப் பிளவுகளில் நரம்பு போல ஓடுகிறது. அந்த நரம்பு ஒடுங்கியது. ஆகவே அதைத் தொடரும் சுரங்கப் பாதையும் ஒடுங்கியதே. பெரிய இயந்திரம் அதற்குள் நுழையாது.

தொடக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்கள் உளியும் சம்மட்டியும் கொண்டே பாறையில் துளையிட்டார்கள். பின்னர் வந்த இவ்வகைத் துளைப்பானில், அழுத்தக் காற்று ஓர் உந்துதண்டை நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,000 தடவை முன்னும் பின்னும் தள்ளும். ஒவ்வோர் அடிக்கும் துளைக்கம்பி சற்றே சுழலும். தாங்குகால் பாரத்தை ஏற்பதால் ஒருவரே இதை இயக்கலாம். துளைகளில் வெடிமருந்து வைத்துப் பாறையை உடைத்தார்கள்.

கம்பியின் நுனியைக் குனிந்து பாருங்கள். கடினமான உலோகக் கலவைப் பல்லும், அருகே ஒரு சிறு துவாரமும் தெரியும். அத்துவாரத்தின் வழியே நீர் பாய்ந்து பாறைத்தூளைச் சேறாக்கி வெளியேற்றும். நீரின்றித் துளைத்த காலத்தில் குவாட்ஸ் தூசு நுரையீரலில் படிந்து, உலகெங்கும் எண்ணற்ற சுரங்கத் தொழிலாளர்களின் உயிரைக் குடித்தது. உட்குழிவான கம்பியின் ஊடாக நீர் செலுத்தும் முறையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் கொலராடோவில் ஜோர்ஜ் லெய்னர் உருவாக்கினார். துளைப்பான் கண்ட மேம்பாடுகளில், வேகத்தைவிட இதுவே பெரியது.

கேகாலையின் போகல சுரங்கத்தில் இன்றும் காரீயம் நிலத்தடியிலிருந்து எடுக்கப்படுகிறது.