எரிகோ சாலை நம் ஊர் வழியாகவும் செல்கிறது

எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் பாதை செங்குத்தான இறக்கம் உடையது. இருபத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட தொலைவுக்குள் அது ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் கீழே இறங்கிவிடுகிறது. பாறைகளும் வளைவுகளும் நிறைந்த அவ்வழியில், கள்வர் கையில் அகப்பட்டுக் குற்றுயிராய்க் கிடந்த ஒருவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை அறியாத கத்தோலிக்கக் குடும்பம் இராது. ஆனால் அச்சாலை இன்று நம் ஊர் வழியாகவும் செல்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்த்திருக்கிறோமா?

2022ஆம் ஆண்டில் மட்டும் நம் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவ்வாண்டு மாநிலங்களுள் மிக அதிகமான விபத்துகள் நிகழ்ந்தது நம் தமிழ்நாட்டில்தான்: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். இவர்களுள் எத்தனை பேர் அடிபட்ட வேகத்தில் இறந்தனர், எத்தனை பேர் கூடி நின்றவர்களின் கண்ணெதிரே குருதி வடிந்து இறந்தனர் என்பதை ஆண்டவரே அறிவார்.

நம் மக்கள் இரக்கமற்றவர்கள் அல்லர். பின் ஏன் விலகிச் செல்கிறோம்? இல்லச் சந்திப்புக்குச் செல்லும்போது பெற்றோர் பலர் இதற்கு விடை சொல்லக் கேட்டிருக்கிறோம். “போலீஸ், கோர்ட்டு என்று யார் சாமி அலைவது? பையன் பார்க்காதது போல் வந்துவிட்டால் போதும்” என்பார்கள். இவ்வச்சத்தை நாம் இகழ மாட்டோம். முற்காலத்தில் அதற்குக் காரணம் இருந்தது. ஸ்கூட்டரில் சென்ற ஒருவரைக் கார் மோதியது. அருகிலிருந்த மருத்துவமனை, போலீஸ் வழக்கு சம்பந்தப்பட்டவர்களை ஏற்க அதிகாரமில்லை என்று கூறி, இருபது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வேறொன்றுக்கு அனுப்பியது. அவர் வழியிலேயே இறந்தார். இச்செய்தியின் பேரில் எழுந்த வழக்கில்தான், அரசு மருத்துவராயினும் தனியார் மருத்துவராயினும் உயிர் காக்கும் சிகிச்சையைத் தாமதமின்றி அளிக்கக் கடமைப்பட்டவர் என்று 1989இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உதவுபவரைக் காக்கும் விதிகளை 2015இல் மத்திய அரசு வெளியிட்டது. 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அவற்றை நாடெங்கும் கட்டாயமாக்கியது. 2019இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. அச்சட்டம் உதவுபவருக்கு இட்ட பெயர் என்ன தெரியுமா? நல்ல சமாரியர்! நற்செய்தியிலிருந்தே நாடாளுமன்றம் ஒரு பெயரை எடுத்துக்கொண்டது.

பெயர் மட்டுமன்று, உள்ளடக்கமும் உவமையோடு ஒத்திருப்பதைக் காண்க. சமாரியர் தம் பெயரைச் சத்திரக்காரனிடம் சொன்னதாக நற்செய்தி கூறவில்லை. இன்றைய சட்டப்படியும் உதவுபவர் தம் பெயர், முகவரியைக் கூறுமாறு காவலரோ மருத்துவமனையோ கட்டாயப்படுத்த இயலாது. காயமுற்றவனைச் சத்திரத்தில் ஒப்படைத்து மறுநாள் சமாரியர் தம் வழியே சென்றார். இன்றும் உதவுபவரைத் தடுத்து நிறுத்தி வைக்கக் கூடாது. சாட்சி சொல்ல அவர் தாமே முன்வந்தால் மட்டுமே விசாரணை. நல்லெண்ணத்தோடு செய்த உதவியில் தவறு நேர்ந்தாலும் அவர்மீது வழக்கு இல்லை. ஒன்றில் மட்டும் சட்டம் சமாரியரைவிட நம்மிடம் குறைவாகக் கேட்கிறது: அவர் இரண்டு தெனாரியம் கொடுத்தார், நம்மிடம் மருத்துவமனை பணம் கேட்கக் கூடாது.

அப்பணத்திற்கும் வழியுண்டு. விபத்துக்குப் பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக அளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது. அடிபட்டவர் எந்த மாநிலத்தவராயினும் அது பொருந்தும். ஏழு நாட்கள் வரை, ஒன்றரை இலட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை மத்திய அரசு 2025இல் அறிவித்தது.

சட்டம் அச்சத்தை நீக்கிவிட்டது. இனி வேண்டுவது அறிவும் அன்பும். முதலில் 108ஐ அழையுங்கள்; ஊர், கிலோமீட்டர் கல், அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளி எது என்று தெளிவாகச் சொல்லுங்கள். பின்வரும் வண்டிகளை எச்சரித்து நிறுத்த ஒருவரை நிற்கச் செய்யுங்கள். குருதி பெருகும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். துணி நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொன்றை வையுங்கள். தீ போன்ற ஆபத்து இருந்தாலன்றி அவரைத் தூக்கி இழுக்க வேண்டாம். கழுத்தெலும்பு முறிந்திருக்கக் கூடும். சோடாவோ தண்ணீரோ வாயில் ஊற்ற வேண்டாம். நினைவிழந்தவருக்கு அது மூச்சை அடைத்துவிடும். கைப்பேசியில் படம் பிடிப்பது உதவியன்று. முதல் ஒரு மணி நேரத்தைச் சட்டமே பொன்னான நேரம் என்று அழைக்கிறது. அதை வேடிக்கையில் செலவிடலாகாது. நம்மவர் என்று தெரிந்தால் குருவுக்கும் சொல்லி அனுப்புங்கள். ஆனால் முதல் அழைப்பு 108க்கே இருக்கட்டும்.

ஆகஸ்டு இறுதியில் வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் திருப்பயணிகள் இரவிலும் சாலையோரம் நடக்கின்றனர். காவியுடை உடுத்திய நம் சகோதரர் ஒருவர் அடிபட்டு வீழ்ந்தால், அவ்வழியே வரும் முன்பின் அறியாத ஒருவர் வண்டியை நிறுத்த வேண்டும் என்றுதானே விரும்புவோம்? அப்படியானால் பிறருடைய பிள்ளைக்கு நாம் அந்த ஒருவராக இருக்க வேண்டாமா?

உவமையில் முதலில் விலகிச் சென்றவர் ஒரு குரு. அதை வாசிக்கும்போதெல்லாம் பலிபீடத்தில் நிற்கும் எங்களுக்கு உள்ளம் குத்துகிறது. அவர் ஏன் விலகினார் என்று நற்செய்தி கூறவில்லை. ஒருவேளை ஆலய அலுவலின் அவசரமாயிருக்கலாம். இரங்கி நின்றவரோ யூதர்கள் தீண்டாது ஒதுக்கிய இனத்தவர். சாலையில் கிடப்பவன் எந்தச் சாதி, எந்த மதம், குடித்திருந்தானா என்று கேட்டுவிட்டா கை நீட்டுவது? அவ்வாறு கேட்பவருக்கு அந்த உவமை இன்னும் விளங்கவில்லை.

ஆதலின் அன்புள்ள பெற்றோரே, இன்றிரவு குடும்பச் செபமாலை முடிந்ததும் பிள்ளைகளிடம் இதைப் பேசுங்கள். “விலகி வந்துவிடு” என்னும் பழைய அறிவுரையைத் திரும்பப் பெறுங்கள். “நில், 108ஐ அழை, அவன் கையைப் பிடித்துக்கொள், ஆம்புலன்ஸ் வரும்வரை விட்டுவிடாதே” என்று சொல்லிக் கொடுங்கள். ஞாயிறு திருப்பலிக்கு வரும் வழியில் இது நேர்ந்தால், நின்று உதவுங்கள். தாமதமாக வந்தீர்கள் என்று உங்கள் பங்குக் குரு கோபிக்க மாட்டார்.