தலைவலி: பொறுத்திருப்பதா, புறப்படுவதா?



தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ஆனால் வீட்டுப் பெரியவர்கள் தமக்கு வந்ததையே வெளியில் சொல்வதில்லை. அம்மாவோ மாமியாரோ தலையில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெற்றியில் சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு, "ஒண்ணுமில்லப்பா, எப்பவும் வர்றதுதான்" என்று மூலையில் படுத்துவிடுகிறார். பிள்ளைக்குச் செலவு வைக்கக் கூடாது, அவன் ஒரு நாள் கூலி கெடக் கூடாது என்ற நினைப்புத்தான். நாமும் "எப்பவும் வர்றதுதானே" என்று வயலுக்குப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் உண்மையில்லாமல் போகும் ஒரு நாளும் உண்டு. அந்த நாளை அடையாளம் காண்பது எப்படி? அதைச் சொல்லவே இந்தச் சிறு வெளியீடு.

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள்

அந்த வீட்டு அம்மாவுக்கு வயது 62. இருபது வருஷமாக ஒத்தைத் தலைவலி. ஒரு நாள் மாட்டுத் தொழுவத்தில் சாணி வழுக்கி விழுந்தார். தலை கட்டுத்தறியில் இடித்தது. ரத்தம் வரவில்லை, சின்ன வீக்கம், இரண்டு நாளில் வடிந்துவிட்டது. எல்லோரும் அதை மறந்தே போனார்கள்.

மூன்று வாரம் கழித்துத் தலைவலி வந்தது. ஒத்தைத் தலைவலிதான் என்று தைலம் தேய்த்தார்கள். மருமகள் மட்டும் சிலதைக் கவனித்தாள். அத்தை பகலெல்லாம் தூங்குகிறார். காபித் தம்ளர் கை நழுவுகிறது. நடக்கும்போது ஒரு கால் செருப்பு கழன்று விழுவதுகூட அவருக்குத் தெரியவில்லை. கணவனிடம் சொன்னாள். "வயசானா அப்படித்தான் இருக்கும்" என்றான் அவன்.

அப்படி இல்லை. வயதானவர்களுக்கு மூளை சற்றுச் சுருங்கியிருக்கும். அதனால் மண்டையோட்டுக்கு உள்ளே இருக்கும் மெல்லிய ரத்தக்குழாய் சிறு அடியிலேயே கிழிந்துவிடலாம். ரத்தம் சொட்டுச் சொட்டாகக் கசிந்து, வாரக்கணக்கில் சேர்ந்து மூளையை அழுத்தும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இது இன்னும் எளிதாக நேரும். ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். மண்டையில் சிறு துளை போட்டு அந்த ரத்தத்தை வடித்துவிட்டால் பெரும்பாலோர் தேறி எழுந்து நடமாடுகிறார்கள். காலம் கடத்தினால் நினைவு தப்பி உயிரே போய்விடும்.

ஆகவே கணவன்மாரே, வீட்டில் பெரியவர்களோடு நாள் முழுதும் இருக்கிற உங்கள் மனைவி "அத்தை முன்னமாதிரி இல்லைங்க" என்று சொன்னால் தள்ளிவிடாதீர்கள். அந்த ஒரு சொல்தான் வைத்தியருக்கு முதல் தடயம்.

பழகின வலி எது? புது வலி எது?

ஒத்தைத் தலைவலி ஒரு பக்கமாக விண் விண்ணென்று தெறிக்கும். வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் ஆகாது. சில மணி நேரம் முதல் மூன்று நாள் வரை இருந்துவிட்டுப் போகும். பட்டினி, தூக்கக் குறைவு, வெயில், மாதவிலக்கு இவற்றால் தூண்டப்படும். பெண்களுக்கே அதிகம். இதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனாலும் விதியே என்று பொறுக்க வேண்டியதில்லை. வந்த வலியை அடக்கவும், அடிக்கடி வராமல் தடுக்கவும் மருந்து இருக்கிறது. மாதத்தில் நாலைந்து தடவை வேலையை முடக்கிப் போடுகிறதென்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள்.

ஆபத்தான தலைவலியை வலியின் அளவைக் கொண்டு மட்டும் கண்டுபிடிக்க முடியாது. வழக்கத்துக்கு மாறானதா என்றுதான் பார்க்க வேண்டும். "அம்மா, இது எப்பவும் வர்ற மாதிரியே இருக்கா, வேற மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். "வேற மாதிரி" என்று பதில் வந்தால் அசட்டை வேண்டாம்.

உடனே 108-ஐ அழைக்க வேண்டிய நேரம்

1. இடி விழுந்த மாதிரி, ஒரே நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகும் தலைவலி. மூளையில் ரத்தக்குழாய் வெடித்திருக்கலாம்.

2. தலைவலியோடு வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல், பேச்சுக் குழறல், திடீரெனப் பார்வை மங்குதல், ஆள் அடையாளம் தெரியாமல் பேசுதல், வலிப்பு. இது பக்கவாதமாக இருக்கலாம். தலைவலியே இல்லாமல் இந்தக் குறிகள் வந்தாலும் இதே அவசரந்தான். ரத்தக்குழாய் அடைப்பு என்று ஸ்கேனில் தெரிந்தால், தொடங்கிய நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் அடைப்பைக் கரைக்கும் ஊசி போடலாம். அதனால் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. காய்ச்சலும் தலைவலியும் சேர்ந்து, கழுத்து விறைத்து, மோவாயை நெஞ்சோடு சேர்க்க முடியாத நிலை. இது மூளைக்காய்ச்சலாக இருக்கலாம்.

4. தலையில் அடிபட்டபின் வலி கூடிக்கொண்டே போதல், ஓயாத தூக்கக் கலக்கம், வாந்தி. அடிபட்டு வாரங்கள் கழிந்திருந்தாலும் சரி.

5. ஒரு கண் சிவந்து கடுத்து, தலைவலியும் வாந்தியும் வந்து, விளக்கைச் சுற்றி வளையம் தெரிதல். கண்ணில் அழுத்தம் ஏறியிருக்கலாம். தாமதித்தால் பார்வை போய்விடும்.

வண்டி வரும்வரை என்ன செய்வது? நினைவு தப்பியிருந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். காபி, சோடா, கஷாயம், மாத்திரை எதுவும் வாயில் கொடுக்காதீர்கள். வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் பயனில்லை. மூக்கில் சாறு பிழிவது ஆபத்து. வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

ஓரிரு நாளில் வைத்தியரைப் பார்க்க வேண்டியவை

ஐம்பது வயதுக்கு மேல் முதல் தடவையாக வரும் தலைவலி. அதிலும் பொட்டுப்பக்கம் தொட்டால் வலிக்கிறது, தலை சீவ முடியவில்லை, சோற்றை மென்றால் தாடை வலிக்கிறது என்றால் அன்றே போகவேண்டும். நெற்றிப்பொட்டில் ஓடும் ரத்தக்குழாயின் வீக்கம் கண் பார்வையையே பறித்துவிடும்.

நாளுக்கு நாள் கூடும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வலி, இருமினாலும் முக்கினாலும் குனிந்தாலும் அதிகமாகும் வலி, முன்பு புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டவருக்கு வரும் புது வலி. இவையும் அப்படியே.

பிரஷரும் தலைவலியும்

"எனக்குத் தலைவலி இல்லை, அதனால் பிரஷர் இல்லை" என்று பலர் சொல்கிறார்கள். இது தவறு. ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்தக் குறியும் காட்டாமலே ஏறியிருக்கும். அளந்து பார்த்தால்தான் தெரியும். 140/90-க்கு மேல் திரும்பத் திரும்ப இருந்தால் சிகிச்சை வேண்டும். "தலைவலி விட்டுடுச்சு" என்று மாத்திரையை நிறுத்துவது பக்கவாதத்துக்கு வழி திறந்துவிடுவதாகும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிரஷர், சர்க்கரை நோய் மாத்திரைகள் வீடு தேடி வருகின்றன. உங்கள் ஊர் கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

பெட்டிக்கடை மாத்திரை

தலைவலி என்றதும் கடையில் "ரெண்டு மாத்திரை குடுங்க" என்று வாங்கி விழுங்குகிறோம். எப்போதோ ஒரு பாராசிட்டமால் என்றால் பாதகமில்லை. ஆனால் பல மருந்து சேர்ந்த வலி மாத்திரையை மாதத்தில் 10 நாளுக்கு மேலோ, சாதாரண வலி மாத்திரையை 15 நாளுக்கு மேலோ தொடர்ந்து சாப்பிட்டால், அந்த மாத்திரையே தினசரித் தலைவலியை உண்டாக்கும். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி என்று செக்குமாடு போலச் சுற்ற வேண்டியதுதான். சில வலி மாத்திரைகள் வயிற்றைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தைக் கெடுத்து, பிரஷரையும் ஏற்றிவிடும்.

தாய்மார்களே, உங்களுக்கும்!

மாமியாரைக் கவனிக்கிற நீங்களும் ஒரு குழந்தைக்குத் தாய்தானே. கர்ப்பமாகி 20 வாரத்துக்குப் பிறகும், பிரசவமாகி 6 வாரம் வரையிலும் கடுமையான தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் வீங்குதல், மேல்வயிற்று வலி வந்தால் அது பிரசவகால ரத்த அழுத்தமாக இருக்கலாம். வலிப்பில் முடிந்து தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகும். அன்றே பிரஷர் பாருங்கள். இரவானால் 108.

தலைவலி வருமுன் கண்முன்னே மின்னல் கோடு, ஒளிப்புள்ளி தெரிந்து மறைகிறதா? அப்படியானால் 'மாலா-என்' போன்ற கருத்தடை மாத்திரை உங்களுக்கு ஏற்றதல்ல. பக்கவாத அபாயம் கூடும். செவிலியரிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள். காப்பர்-டி, ஆணுறை என்று வேறு முறைகள் உள்ளன.

இன்று முதல் செய்யுங்கள்

சுவரில் தொங்கும் மாதக் காலண்டரில், அம்மாவுக்குத் தலைவலி வந்த நாளில் ஒரு கோடு, மாத்திரை சாப்பிட்ட நாளில் ஒரு வட்டம் போடுங்கள். கீழே விழுந்தால் அந்தத் தேதியையும் எழுதுங்கள். வைத்தியரிடம் போகும்போது அந்தத் தாளைக் கொண்டுபோங்கள். சந்தேகம் என்றால் 104-க்குப் போன் செய்து ஆலோசனை கேளுங்கள்.

பெற்றவர்கள் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் இருவரில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்குத் தலை எப்படிம்மா இருக்கு?" என்று கேளுங்கள். பதிலை மற்றவரிடமும் சொல்லுங்கள். பழகின வலிக்குப் பக்குவம் பார்க்கலாம். புது வலிக்குப் புறப்படுங்கள்!