பல்லில் படும் பதம்

சோற்றில் கல் கடிபடுவது ஒரு காலத்தில் அன்றாட நிகழ்ச்சி. முறத்தில் எவ்வளவு புடைத்தாலும், களைந்த அரிசியை எவ்வளவு பொறுமையாக அரித்தாலும், ஒரு கல்லாவது தப்பி இலைக்கு வந்து சேரும். பந்தியில் யாராவது ஒருவர் மெல்வதைச் சட்டென நிறுத்தி, முகம் சுளித்து, வாயிலிருந்து எடுத்து இலையோரம் ஒதுக்குவார். இன்று நவீன அரிசி ஆலைகளில் கல் பிரிக்கும் எந்திரம் இருக்கிறது. பருக்கையின் நிறம் பார்த்துக் கறுப்பரிசியை ஊதித் தள்ளும் எந்திரமும் இருக்கிறது. இன்றைய பிள்ளைகளில் பலர் சோற்றில் கல்லைக் கடித்ததே இல்லை. அதற்காக யாரும் வருந்த வேண்டியதில்லை. ஆனால் கல்லோடு சேர்ந்து வேறு பல பதங்களும் நம் வாயைவிட்டுப் போயின. அவை போன வழி கவனிக்கத்தக்கது.

உரலில் இட்டு உலக்கையால் குத்திய அரிசியில் உமி போய்விடும், தவிடு முழுவதும் போகாது. மெல்லிய தோல் ஒன்றை உடுத்துக்கொண்டே பருக்கை வேகும். வெந்த பிறகும் அது முழுதாக நிற்கும். பல் படும்போது முதலில் சற்று எதிர்க்கும், பிறகு இளகும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற மோட்டா ரகங்களில் இந்த எதிர்ப்பு இன்னும் அதிகம். மென்று முடிக்க நேரமாகும், மெல்ல மெல்லத்தான் இனிப்பும் தெரியவரும். ஆலையில் தீட்டும்போது அரிசியின் எடையில் பத்தில் ஒரு பங்குவரை தவிடாகக் கழிகிறது. மிஞ்சும் வெள்ளை அரிசி சீக்கிரம் வேகும், சீக்கிரம் குழையும்.

1934இல் தொடங்கப்பட்ட அகில இந்திய கிராமத் தொழில் சங்கத்தின் செயலாளராக இருந்த ஜே.சி. குமரப்பா, தஞ்சாவூரில் பிறந்தவர், கைக்குத்தல் அரிசிக்காக ஓயாமல் வாதாடினார். சத்தையும் கிராமத்தின் பிழைப்பையும் முன்வைத்தே அவர் பேசினார். அரிசி ஆலைகளை ஒழுங்குபடுத்த 1958இல் மத்திய அரசு சட்டமும் இயற்றியது. அதற்குள் உலக்கை தோற்கத் தொடங்கிவிட்டது. 1997இல் அந்தச் சட்டமே விலக்கிக்கொள்ளப்பட்டது. இடையே 1986இல் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேம்படுத்தப்பட்ட வெள்ளைப் பொன்னியை வெளியிட்டது. சன்னமான, வெண்மையான, மிருதுவான அந்த அரிசிதான் நல்ல சோறு என்று வீடுகள் முடிவுசெய்துகொண்டன.

சமைக்கும் விதமும் கூடவே மாறியது. பானையில் நிறைய நீர் வைத்து, பதம் பார்த்து, கஞ்சியை வடித்த சோறு உதிரியாக விழும். பருக்கையின் மேல் ஒட்டியிருந்த மாவுப்பசை கஞ்சியோடு போய்விடுவதே காரணம். வடித்த கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பார்கள், சேலைக்கும் வேட்டிக்கும் போடுவார்கள். குக்கரில் அளந்து ஊற்றிய நீர் முழுவதும் அரிசிக்குள்ளேயே போகிறது. பசையும் அதிலேயே தங்குகிறது, சோறு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. விசில் எண்ணி அடுப்பை அணைத்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம், விறகும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம். பானையடியில் பிடித்த காந்தலைச் சுரண்டி எடுத்து, பிள்ளைகள் போட்டி போட்டுத் தின்ற வழக்கம் மட்டும் இல்லாமல் போனது.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் அரைப்பதில் நடந்தது.

அம்மியைத் தினமும் பயன்படுத்தினால் சில மாதங்களில் அது வழுக்கத் தொடங்கும். மிளகாய் நசுங்காமல் நழுவி ஓடும். அப்போதுதான் ‘அம்மி கொத்தலையோ அம்மி’ என்று தெருவில் குரல் கொடுத்து வருபவரைத் திண்ணைக்கு அழைப்பார்கள். உளியும் சுத்தியுமாக உட்கார்ந்து, அம்மியின் முகம் முழுவதும் சிறுசிறு புள்ளிகளாகப் பொளிந்து தருவார். கொத்திய அம்மியில் முதலில் கொஞ்சம் தவிட்டையோ பழைய சோற்றையோ அரைத்துக் கொட்டிக் கல்பொடியைப் போக்கிய பிறகே சமையலுக்கு அரைப்பது வழக்கம். அந்தப் புள்ளிகளின் ஆழம்தான் அந்த வீட்டுத் துவையலின் பதத்தைத் தீர்மானித்தது. புதிதாகக் கொத்திய அம்மியில் அரைத்த துவையல் ஒருவிதம், கொத்த நாளாகிவிட்ட அம்மியில் அரைத்தது வேறுவிதம்.

தேங்காய்த் துவையலை அம்மியில் அரைப்பதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் வறுத்த மிளகாயும் கல்லுப்பும். உப்பின் கூர்மையே மிளகாயைக் கிழித்துப் பொடியாக்க உதவும். பிறகு வறுத்த உளுந்தும் புளியும். உளுந்து முழுதும் மாவாவதற்குள் தேங்காயைச் சேர்த்துவிட வேண்டும். குழவியை முன்னும் பின்னும் இழுக்கும்போது தேங்காய்ப் பூ நசுங்கி அதன் பாலும் எண்ணெயும் கசியும், நார் மட்டும் இழையிழையாக நிற்கும். ஓரத்துக்கு ஒதுங்கியதை விரலால் வழித்து நடுவுக்குத் தள்ளித் தள்ளி அரைப்பார்கள். சின்ன வெங்காயம் கடைசி. அதை வைத்துக் குழவியால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். ‘ரொம்ப நைசா ஆக்கிடாதடி, நறநறன்னு இருக்கட்டும்’ என்று கூடத்திலிருந்து ஒரு பெரியவள் குரல் கொடுப்பாள். வழித்தெடுத்த உருண்டையைச் சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால், ஒரே வாயில் உளுந்தின் நறநறப்பு, தேங்காயின் இழை, வெங்காயத்தின் நறுக்கென்ற ஈரம், மிளகாய் விதையின் சுருக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

மிக்சி வேறு வழியில் வேலை செய்கிறது. குழவி நசுக்குகிறது, பிளேடு வெட்டுகிறது. குழவி ஒரு முறை போய் வரும் நேரத்தில் பிளேடு நூற்றுக்கணக்கான முறை சுற்றிவிடும், அதன் முழு வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 18,000 சுற்று. எதை முதலில் போட்டோம், எதைக் கடைசியில் போட்டோம் என்ற வேறுபாடு சில நொடிகளில் அழிந்துவிடுகிறது. பிளேடுக்கு எட்டும்படி நீரும் விட வேண்டியிருக்கிறது, அதனால் துவையல் சட்னியாகிறது. வேகத்தில் ஜாரும் சூடேறுகிறது, வெங்காயத்தின் நெடி மாறுகிறது. எல்லாப் பொருளும் ஒரே அளவுத் துகளாகி நாவில் ஒரே சீராகப் படர்கிறது. சுவை பெரிதாகக் குறைவதில்லை, ஆனால் பல்லுக்கு அங்கே வேலையில்லை.

இதைச் சொல்லும்போதே அந்த அம்மிக்கு முன்னால் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும். காலையில் சட்னி, மதியத்துக்குக் குழம்பு மசாலா, மாலையில் ஆட்டுக்கல்லில் மறுநாள் மாவு. தோளும் இடுப்பும் விட்டுப்போக அரைத்த பெண்கள், அந்த நறநறப்பைச் சுடச்சுட உண்டவர்களில் பெரும்பாலும் கடைசி ஆள். கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அரைத்தவர்கள் உண்டு. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மிக்சி, கிரைண்டர், மின்விசிறி வழங்கத் தொடங்கியபோது, கான்கிரீட் வீடுகளில் எப்போதோ முடிந்துபோன மாற்றம் குடிசைகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்த மிக்சிகளில் எத்தனை சீக்கிரம் பழுதாயின என்று கணக்குப் பார்த்துப் பேசியவர்களில் அம்மியில் அரைத்துப் பழகியவர்கள் குறைவு. அந்தப் பெண்களுக்குத் திரும்பக் கிடைத்த பொழுதுக்கு ஈடாக எந்தத் துவையலின் பதத்தையும் வைக்க எனக்கு மனம் வராது. இழந்ததை இழந்தது என்று சொல்லவும் அதே மனம்தான் கேட்கிறது.

இட்லியின் கதை சற்று வேறு. 1955இல் கோவையைச் சேர்ந்த பி. சபாபதி வெட் கிரைண்டரை உருவாக்கியபோது கல்லை அவர் கைவிடவில்லை. கையை மட்டும் விடுவித்தார். ஆட்டுக்கல்லில் குழவி சுழலும், குழி அசையாது. கிரைண்டரில் பாத்திரம் சுழலும், கல் தன் இடத்திலேயே உருளும். கல்லோடு கல் உரசும் அந்த நிதானமான வேகத்தில் மாவு சூடாவதில்லை. உளுந்து காற்றை உள்ளிழுத்துப் பொங்கப் பொங்க அரைபடும். அரிசியை மட்டும் ரவைப் பதத்தில் நிறுத்திவிடலாம். இந்த இரண்டும் சேர்ந்தால்தான் இட்லிக்கு அதன் உடம்பு கிடைக்கிறது. உளுந்தின் கொழகொழப்பு, புளிக்கும்போது பிறக்கும் காற்றைப் பிடித்துவைக்கிறது, அரிசிக் குருணை அதைத் தாங்கி நிற்கிறது. பிட்டால் பஞ்சாகவும், மென்றால் மணல்மணலாகவும் இருக்கும் இட்லி அப்படித்தான் வந்தது. எந்திரம் வந்தும் பதம் கெடாத அரிய இடம் இது. கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததில் எனக்கு வியப்பில்லை.

இட்லியின் பதம் மாறியது அதற்கும் பிறகு. தொண்ணூறுகளில் நடிகையின் பெயரால் வந்த குஷ்பு இட்லி, மென்மையையே இட்லியின் ஒரே இலக்கணமாக்கியது. இன்று தெருமுனைக் கடையில் பாக்கெட்டில் கிடைக்கும் மாவு, இட்லிக்கும் தோசைக்கும் சேர்த்து ஒரே பதத்தில் அரைபட்டது. வேலைக்குப் போய்விட்டு இரவு வீடு திரும்பும் இருவருக்கு அந்தப் பாக்கெட் பெரிய துணை. ஆனால் அந்த இட்லியில் குருணை தட்டுப்படுவதில்லை. பழைய பதத்தை அறிய விரும்புகிறவர்கள் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் குடலை இட்லியைத்தான் தேட வேண்டும். கொரகொரப்பாக அரைத்த மாவில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து, மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். அதை விரலால் பிட்டுவிட முடியாது, வில்லைகளாக அறுத்துத் தருகிறார்கள். உடையாத மிளகு பல்லில் படும்போது மட்டும் காரம் வெடிக்கும்.

மொறுமொறுப்பில் நாம் பெற்றதே அதிகம். முன்பு அது பருவத்தையும் நாளையும் பார்த்து வந்தது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் வேட்டி விரித்துப் பிழிந்த வடாம், ஐப்பசியில் தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு, விருந்தன்றைக்கு மட்டும் அப்பளம். முறுக்கு டின்னின் மூடியை யாரோ சரியாக மூடாமல் விட்டால், ஐப்பசி மழையின் ஈரம் புகுந்து மறுநாளே நமுத்துப்போகும். உள்ளிருக்கும் மெல்லிய சுவர்கள் காய்ந்து விறைப்பாக இருந்தால்தான் பல் பட்டதும் ஓசையோடு உடையும், ஈரம் ஏறினால் அவை வளைந்துகொடுக்கும். மணப்பாறையில் முறுக்கைப் பாதி வேகவைத்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடியும் எண்ணெயில் போடுவது உள்ளீரத்தை முழுவதும் விரட்டத்தான். 2023இல் அதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. இன்று காற்றுப் புகாத பளபளப்பான உறைக்குள் நைட்ரஜனை அடைத்து, ஆடியிலும் மார்கழியிலும் ஒரே மொறுமொறுப்பைப் பத்து ரூபாய்க்கு விற்கிறார்கள். அந்த ஓசைக்கும் இன்பத்துக்கும் உள்ள உறவை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஸ்பென்ஸும் மாசிமிலியானோ ஸாம்பினியும் 2004இல் காட்டினார்கள். கடிக்கும் ஓசையைக் காதுக்கருவி வழியே கூட்டிக் கேட்கவைத்தபோது, அதே சிப்ஸ் இன்னும் மொறுமொறுப்பானது, புதியது என்று உண்டவர்கள் சொன்னார்கள். வருடம் முழுவதும் கிடைக்கும் இந்த ஓசைக்காக நிறுவனங்கள் இத்தனை செலவிடுவதன் காரணம் இதிலிருந்து புரிகிறது.

ஆக, மிக மெத்தென்றிருப்பதும் மிக மொறுமொறுப்பாக இருப்பதும் நம்மிடம் தாராளமாக இருக்கின்றன. நடுவில் இருந்தவைதான் போய்விட்டன. மெல்ல வேண்டியவை, அசைபோட வேண்டியவை, பல்லோடு கொஞ்சம் மல்லுக்கட்டியவை. பொருள்விளங்கா உருண்டையை நினைத்துப் பார்க்கிறேன். வறுத்த அரிசியும் பயறும் திரித்த மாவில் கெட்டி வெல்லப்பாகை ஊற்றி, கை பொறுக்கும் சூட்டில் இறுக்கிப் பிடித்தது. ஆறியதும் கல்லாகிவிடும். கதவிடுக்கில் வைத்து உடைத்த பிள்ளைகள் உண்டு. ஒரு துண்டைக் கன்னத்துக்குள் அதக்கிக்கொண்டால் பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை அது இருக்கும். முதலில் வெல்லம் கரையும், பிறகு மாவு இளகும், உள்ளிருந்த தேங்காய்ப் பல் கடைசியில் தட்டுப்படும். ஒரே தின்பண்டம் வாய்க்குள்ளேயே பதம் மாறிக்கொண்டிருந்தது. இப்போது கடைகளில் கிடைக்கும் அதே பெயருள்ள உருண்டை, தொட்டாலே உதிர்கிறது. வாங்குகிறவர் அப்படித்தான் கேட்கிறார் என்கிறார் கடைக்காரர்.

அவர் சொல்வதில் நியாயம் உண்டு. முன்பு பல் விழுந்தவர்களுக்கு வீட்டுப் பண்டங்களில் பாதி எட்டாதவையாக இருந்தன. முறுக்கைத் தங்கள் பாக்கு உரலில் போட்டு இடித்துப் பொடியாக்கி, கொஞ்சம் சர்க்கரை கலந்து தின்ற பாட்டிகளை என் வயதினர் பார்த்திருப்பார்கள். கேழ்வரகுக் களியை மெல்லாமல் உருட்டி விழுங்கியவர்களுக்கு அது எளிது, மற்ற எதுவும் எளிதாக இல்லை. இன்றைய மென்மை அவர்களுக்கு ஒரு பெரும் கொடை. என் கவலையெல்லாம் பல்லெல்லாம் உறுதியாக இருக்கும் பிள்ளைகளைப் பற்றியது. பழச்சாறு, நூடுல்ஸ், பன், சிப்ஸ் என்று அவர்கள் உண்பவை ஒன்று தானாகக் கரைகின்றன, அல்லது ஒரே கடியில் நொறுங்குகின்றன. கரும்பைப் பல்லால் உரித்துத் தின்னக் கொடுத்தால் எங்கே கடிப்பது என்று கேட்கிறார்கள். பொங்கலுக்கு வாங்கிய கரும்பு பல வீடுகளில் சாத்திய மூலையிலேயே காய்கிறது. கரும்புச்சாறு அவர்களுக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நாரை மென்று மென்று, சாறு ஊறி வர வர விழுங்கி, சக்கையைத் துப்பும் இன்பம் அந்தச் சாற்றில் இல்லை.

இழந்தவற்றில் சிலவற்றைப் பெரிய உழைப்பில்லாமல் மீட்கலாம். துவையலுக்கு மிக்சியின் சிறிய ஜாரே போதும். மிளகாயையும் உப்பையும் உளுந்தையும் முதலில் நீரின்றி ஓட்டி, தேங்காயைச் சேர்த்தபின் குமிழைப் பின்பக்கம் திருப்பி, விட்டு விட்டு இரண்டு சுற்று மட்டும் விட வேண்டும். வெங்காயத்தை ஜாரில் போடக் கூடாது, சிறிய இடிகல்லில் தட்டிக் கலக்க வேண்டும். கிரைண்டர் வைத்திருப்பவர்கள் இட்லி அரிசியை ஐந்து நிமிடம் முன்னதாகவே எடுத்துவிடலாம், விரல்களுக்கிடையே தேய்த்தால் ரவை தட்டுப்பட வேண்டும். எங்கள் வீட்டில் இப்போது இப்படித்தான் நடக்கிறது. அரைப்பவர் யாரென்பதும் மாறிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாவை மகன்தான் ஆட்டுகிறான்.