கூடுதல் பங்கு கசக்கும் வயது
மனம் வளரும் பருவம் – 9

சென்ற வாரம் உளவியலாளர் பியாஜேயின் கோப்பைக் கதையைப் பார்த்தோம். தெரியாமல் 15 கோப்பைகளை உடைத்த பையனா, ஜாமைத் திருடப்போய் ஒரே ஒரு கோப்பையை உடைத்த பையனா, யார் செய்தது பெரிய தப்பு என்று கேட்டால், சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் உடைந்த எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் நோக்கத்தைப் பார்க்கிறார்கள். அது அடுத்தவர் செய்ததை எடைபோடும் அறிவு. தன் கைக்கு வந்த பங்கு நியாயமானதுதானா என்று பார்க்கும் அறிவு எப்போது வருகிறது?

“எனக்கு மட்டும் ஏன் கொஞ்சம்?” என்ற குரல் எழாத வீடு இல்லை. “எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு?” என்று கேட்கும் குழந்தை அபூர்வம். பீட்டர் பிளேக், கேத்ரின் மெக்காலிஃப் என்ற இரு உளவியலாளர்கள் இந்த இரண்டு கேள்விகளையும் தனித்தனியே சோதித்துப் பார்த்தார்கள். அவர்களது முதல் ஆய்வு 2011-இல் வெளிவந்தது.

முன்பின் அறியாத, ஏறக்குறைய ஒரே வயதுள்ள இரண்டு குழந்தைகள் எதிரெதிரே உட்காருகிறார்கள். நடுவில் ஒரு கருவி. அதில் இருவருக்கும் தனித்தனித் தட்டு. எவ்வளவு மிட்டாய் வைப்பது என்பது ஆய்வாளர் கையில். முடிவெடுக்கும் உரிமை ஒரு குழந்தைக்கு மட்டும். பச்சைக் கைப்பிடியை இழுத்தால் அவரவர் மிட்டாய் அவரவருக்கு. சிவப்பை இழுத்தால் இருவருக்குமே ஒன்றும் கிடையாது.

தனக்கு ஒன்று, எதிரே இருப்பவருக்கு நான்கு என்று வைத்தபோது, 4 வயதுக் குழந்தைகளே பலமுறை சிவப்பை இழுத்தார்கள். கைக்கு வரவேண்டிய ஒரு மிட்டாய் போனாலும் பரவாயில்லை, ஓரவஞ்சனையை ஏற்கமாட்டேன் என்ற பிடிவாதம் அது. தட்டை மாற்றி, தனக்கு நான்கு, அடுத்தவருக்கு ஒன்று என்று வைத்தபோது அதே வயதுக் குழந்தைகள் தயங்காமல் பச்சையை இழுத்தார்கள். அந்தக் கூடுதல் பங்கையும் வேண்டாமென்று தள்ளியவர்கள் 8 வயதுப் பிள்ளைகள்தான்.

இதே சோதனையை இந்தியா, செனகல், உகாண்டா, பெரு, மெக்சிகோ, கனடா, அமெரிக்கா ஆகிய 7 நாடுகளில் 4 முதல் 15 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் நடத்தி, முடிவுகளை 2015-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார்கள். குறைவாகக் கிடைத்தால் மறுக்கும் குணம் ஏழு நாடுகளிலும் தென்பட்டது. அது தலைகாட்டும் வயதுதான் இடத்துக்கு இடம் மாறியது. அதிகமாகக் கிடைத்தாலும் மறுக்கும் குணம் உகாண்டா, கனடா, அமெரிக்கா ஆகிய மூன்றில் மட்டுமே, அதுவும் சற்றுப் பெரிய பிள்ளைகளிடம், தெளிவாகத் தெரிந்தது.

ஒரு விளையாட்டை வைத்து எந்த நாட்டுக் குழந்தைகளையும் மட்டம் தட்டக் கூடாது. ஆனால் ஒன்று புரிகிறது. முதல் கேள்வி எங்கும் முளைத்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி, வளரும் சூழலைப் பொறுத்தே வருகிறது.

அதை அறிவுரையால் வரவழைக்க முடியுமா? கிரெய்க் ஸ்மித், பிளேக், பால் ஹாரிஸ் ஆகியோர் 2013-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஸ்டிக்கர்களை இன்னொரு குழந்தையோடு எப்படிப் பங்கிட வேண்டும் என்று கேட்டபோது, 3 வயதுக் குழந்தைகூட ‘பாதிப் பாதி’ என்றே சொன்னது. கையில் கொடுத்ததும் சின்னவர்கள் தங்களுக்கு அதிகம் வைத்துக்கொண்டார்கள். சொன்னபடி பாதியைக் கொடுத்தவர்கள் 7, 8 வயதுப் பிள்ளைகள். ஆக, பங்கிட்டுக் கொடுக்க வேண்டும் என்பது சின்னவர்களுக்கும் தெரியும். தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்வதால் பெரிய பயன் இல்லை.

பயன் தரும் வழி ஒன்றை 2011-இல் ஜெர்மனியில் நடந்த ஆய்வு காட்டியது. இரண்டு 3 வயதுக் குழந்தைகள் சேர்ந்து கயிறு இழுத்துக் கோலிகளைப் பெறுகிறார்கள். ஒருவருக்கு மூன்று, மற்றவருக்கு ஒன்று விழுகிறது. அதிகம் கிடைத்த குழந்தை பெரும்பாலும் ஒன்றை எடுத்துக் கொடுத்துச் சமமாக்கியது. உழைப்பில்லாமல் சும்மா கிடைத்தபோது அப்படிக் கொடுத்தவர்கள் மிகக் குறைவு. கூடச் சேர்ந்து பாடுபட்டவருக்கு உரிய பங்கு உண்டு என்பது அந்த வயதிலேயே புரிந்துவிடுகிறது.

இனி நம் வீடுகளுக்கு வருவோம். மகனுக்கு இரண்டு முட்டை, மகளுக்கு ஒன்று என்று வைக்கும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. மகள் சாப்பாட்டோடு மதிப்பையும் இழக்கிறாள். மகனுக்கும் அங்கே ஓர் இழப்பு நேர்கிறது. கூடுதல் பங்கு தன் பிறப்புரிமை என்று தினமும் மூன்று வேளை அவனுக்குப் பாடம் நடக்கிறது. “அவளுக்கு ஏன் ஒன்று?” என்று கேட்க வேண்டிய வயதில் அந்தக் கேள்வியே அவனுக்குத் தோன்றாமல் போகிறது.

அதனால் பெற்றோரிடம் கேட்பது இதுதான். தட்டில் சமமாக வையுங்கள். பாத்திரம் கழுவுவதோ வீடு பெருக்குவதோ, அண்ணனும் தங்கையும் சேர்ந்து செய்யட்டும். பங்கு பிரிக்கும் பொறுப்பைச் சில நாள் அவர்களிடமே விடுங்கள். குறைவாகக் கிடைத்த பிள்ளை அழுதால் நாம் ஓடிப்போய்ச் சமாதானம் செய்கிறோம். அதிகம் கிடைத்த பிள்ளை தானே முன்வந்து திருப்பிக் கொடுக்கும்போது, அதைப் பார்த்தோம் என்று ஒரு வார்த்தை சொல்லவும் மறக்க வேண்டாம்.

(அடுத்த வாரம்: குழந்தையின் முதல் பொய்)