பெக்கி ஆஷ்கிராஃப்ட்

டேம் பெக்கி ஆஷ்கிராஃப்ட் (22 திசம்பர் 1907 – 14 சூன் 1991) இங்கிலாந்தைச் சேர்ந்த மேடை, திரைப்பட, தொலைக்காட்சி நடிகை ஆவார். இவருடைய முழுப்பெயர் ஈடித் மார்கரெட் எமிலி ஆஷ்கிராஃப்ட். 20ஆம் நூற்றாண்டின் பிரித்தானிய நாடகமேடையில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படும் நடிகையருள் இவரும் ஒருவர். அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக நடித்த இவர், அக்காலத்தின் பெரும்பகுதியை மேடைக்கே கொடுத்தார். இதனால் உலகின் பெரும்பாலான திரைப்பட இரசிகர்கள் இவரை முதன்முதலாக அறிந்தது இவரது 77ஆம் வயதில்தான்.

இளமையும் கல்வியும்

இலண்டனுக்குத் தெற்கே உள்ள குரோய்டன் நகரில் பெக்கி பிறந்தார். இவருடைய தந்தை நில முகவராகப் பணியாற்றியவர். முதலாம் உலகப் போரில் 1918இல் கொல்லப்பட்டார். தாய் நாடக ஆர்வம் உடையவர். நாடகப் பேச்சுப் பயிற்சியில் புகழ்பெற்ற எல்சி ஃபோகர்ட்டியிடம் பாடம் கேட்டவர். அதே ஃபோகர்ட்டி நடத்திய மத்திய பேச்சு, நாடகப் பள்ளியில் 16ஆம் வயதில் பெக்கி சேர்ந்தார். பின்னாளில் பெரும்புகழ் பெற்ற லாரன்ஸ் ஒலிவியே அங்கு இவருடன் பயின்றார். 1926இல் பர்மிங்காம் நாடகக் குழுவின் 'டியர் புரூட்டஸ்' என்னும் நாடகத்தில் ரால்ஃப் ரிச்சர்ட்சனுடன் நடித்துத் தொழில்முறை நடிகையானார்.

1930ஆம் ஆண்டு 'ஒத்தெல்லோ'

1930இல் இலண்டனின் சவோய் அரங்கில் சேக்சுபியரின் 'ஒத்தெல்லோ' மேடையேறியது. அமெரிக்கக் கறுப்பினப் பாடகரும் நடிகருமான பால் ரோப்சன் ஒத்தெல்லோவாகவும், 22 வயதான பெக்கி டெஸ்டிமோனாவாகவும் நடித்தனர். கறுப்பினத் தளபதி ஒருவனை மணக்கும் வெள்ளையினப் பெண்ணின் கதை அது. அக்காலத்தில் ஒத்தெல்லோ வேடத்தை வெள்ளை நடிகர்கள் முகத்தில் சாயம் பூசிக்கொண்டு நடிப்பதே வழக்கமாக இருந்தது. ஆகவே கறுப்பின நடிகர் ஒருவர் வெள்ளையின நடிகையை மேடையில் தழுவுவதும் முத்தமிடுவதும் சிலருக்குப் பொறுக்கவில்லை. பெக்கிக்கு வெறுப்பை உமிழும் கடிதங்கள் வந்தன. நாடகம் நடந்த அரங்கை அடுத்திருந்த விடுதியிலேயே ரோப்சனுக்கு வரவேற்பு இல்லை.

நிறவெறி என்பது என்ன என்பதை இந்த அனுபவமே தமக்கு உணர்த்தியதாகப் பெக்கி பின்னர் கூறியுள்ளார். கலைஞருக்கும் குடிமகனுக்குரிய பொறுப்பு உண்டு என்ற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. மனித உரிமை சார்ந்த பொதுச் செயற்பாடுகளுக்கு அவர் தொடர்ந்து தம் பெயரையும் ஆதரவையும் அளித்து வந்தார்.

மேடைப் பணி

1935இல் ஜான் கில்கட் இயக்கிய 'ரோமியோ ஜூலியட்' இவரை இலண்டனின் முன்னணி நடிகையாக்கியது. கில்கட்டும் ஒலிவியேயும் ரோமியோ, மெர்க்கூஷியோ ஆகிய இரு வேடங்களையும் தங்களுக்குள் மாற்றிக்கொண்டு நடித்த தயாரிப்பு அது. ரோமியோ மாறினாலும் ஜூலியட் மாறவில்லை. இரண்டு வேறுபட்ட நடிப்பு முறைகளுக்கும் ஈடுகொடுத்து நடித்தவர் பெக்கி.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இவர் ஏற்ற பாத்திரங்கள் பல, அடக்கப்பட்ட உணர்ச்சியுடன் வாழும் பெண்களுடையவை. 'தி ஏரெஸ்' (1949) நாடகத்தில் தந்தையின் அலட்சியத்துக்கு ஆளாகும் மகளாக நடித்தார். டெரன்ஸ் ராட்டிகனின் 'தி டீப் புளூ சீ' (1952) நாடகத்தில், நீதிபதியான கணவரை விட்டு முன்னாள் விமானி ஒருவருடன் வாழ வந்து மனம் உடைந்த பெண்ணாக நடித்தார். 1954இல் இப்சனின் 'ஹெடா காப்லர்' நாடகத்தில் நடித்ததற்காக நோர்வே மன்னரின் பதக்கம் பெற்றார். 1956இல் பெர்டோல்ட் பிரெக்ட்டின் நாடகம் ஒன்றில், நல்லவளான ஒரு பெண்ணாகவும் அவளே ஆண் வேடமிட்டுக் கடுமை காட்டும் உறவினனாகவும் இரட்டை வேடம் ஏற்றார். அதே ஆண்டில் 'டேம்' பட்டம் இவருக்கு வழங்கப்பட்டது.

இவரது தொழில்வாழ்வின் முக்கியமான முடிவு 1960இல் எடுக்கப்பட்டது. இளம் இயக்குநர் பீட்டர் ஹால், ஸ்ட்ராட்ஃபோர்டில் நிலையான நடிகர் குழு ஒன்றை அமைக்க முயன்றார். வணிக நாடகங்களில் கூடுதல் வருவாயும் நட்சத்திரத் தகுதியும் கிடைக்கும் நிலையிலும், பெக்கி அக்குழுவில் சேர ஒப்புக்கொண்டார். தனி நட்சத்திரத்தைவிட ஒன்றாகப் பழகி வளரும் குழுவே நல்ல நாடகத்தைத் தரும் என்பது அவர் நெடுநாளாகக் கொண்டிருந்த கருத்து. 1961இல் அக்குழு 'ராயல் சேக்சுபியர் கம்பெனி' என்னும் பெயர் பெற்றது. இவரது வருகை புதிய குழுவுக்குப் பெரும் மதிப்பைத் தேடித் தந்தது.

அங்கு 1963இல் அரங்கேறிய 'தி வார்ஸ் ஆஃப் தி ரோசஸ்', சேக்சுபியரின் 'ஆறாம் ஹென்றி' நாடகத்தின் மூன்று பகுதிகளையும் 'மூன்றாம் ரிச்சர்ட்' நாடகத்தையும் சுருக்கி மூன்று நாடகங்களாக அமைத்தது. அதில் அரசி மார்கரெட்டாக நடித்த பெக்கிக்கு அப்போது வயது 55. பிரான்சிலிருந்து மணப்பெண்ணாக வரும் இளம்பெண் தொடங்கி, எல்லாவற்றையும் இழந்து சாபமிடும் கிழவி வரை ஒரே பாத்திரத்தின் முழு வாழ்வையும் அவர் நடித்துக் காட்டினார்.

திரைப்படமும் தொலைக்காட்சியும்

ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி தேர்ட்டி நைன் ஸ்டெப்ஸ்' (1935) படத்தில், தப்பியோடும் நாயகனுக்குத் தன் கணவனின் மேலங்கியைக் கொடுத்து உதவும் குடியானவர் மனைவியாகச் சில நிமிடங்களே வருவார். எனினும் அப்படத்தில் நினைவில் நிற்கும் பாத்திரங்களுள் அதுவும் ஒன்று. அதன்பின் பல ஆண்டுகள் திரைப்படங்களில் அரிதாகவே நடித்தார்.

1984ஆம் ஆண்டு இந்நிலையை மாற்றியது. அவ்வாண்டில் வெளிவந்த இவரது இரண்டு படைப்புகளும் பிரித்தானியர் ஆண்ட இந்தியாவைக் களமாகக் கொண்டவை. பால் ஸ்காட்டின் புதினங்களைத் தழுவிய 'தி ஜுவல் இன் தி கிரவுன்' என்ற 14 பகுதித் தொலைக்காட்சித் தொடரில், ஓய்வுபெற்ற மிஷனரி ஆசிரியை பார்பி பேட்சிலராக நடித்துப் பாஃப்டா விருது பெற்றார். டேவிட் லீன் இயக்கிய 'எ பேசேஜ் டு இந்தியா' படத்தில், இந்திய மருத்துவர் அசீசுடன் நட்புக்கொள்ளும் திருமதி மூர் வேடம் ஏற்றார். கதையில் குகைகளைக் காணச் செல்லும் தொடர்வண்டிப் பயணக் காட்சிகள் நீலகிரி மலை இரயில்பாதையில் படமாக்கப்பட்டன.

இவ்வேடத்துக்காகச் சிறந்த துணை நடிகைக்கான அகாதமி விருது 1985இல் இவருக்குக் கிடைத்தது. அப்போது இவருக்கு வயது 77. இப்பிரிவில் விருது பெற்றவர்களுள் மிக மூத்தவர் இவரே. தம் நெடுநாளைய சக நடிகர் மைக்கேல் ரெட்கிரேவின் இறுதி நிகழ்வை முன்னிட்டு அவர் இலண்டனிலேயே தங்கிவிட்டார். அவர் சார்பில் ஏஞ்சலா லான்ஸ்பரி விருதைப் பெற்றுக்கொண்டார். 1989இல் 'ஷீ'ஸ் பீன் அவே' படத்துக்காக வெனிஸ் திரைப்பட விழாவின் சிறந்த நடிகை விருதை ஜெரால்டின் ஜேம்சுடன் பகிர்ந்துகொண்டார்.

தனி வாழ்க்கை

பதிப்பாளர் ரூபர்ட் ஹார்ட்-டேவிஸ், உருசிய நாடக இயக்குநர் தியோடோர் கோமிசார்ஜெவ்ஸ்கி, வழக்கறிஞர் ஜெரமி ஹட்சின்சன் ஆகியோரை அடுத்தடுத்து மணந்தார். மூன்று திருமணங்களும் மணமுறிவில் முடிந்தன. மூன்றாம் திருமணத்தின் வழி இவருக்கு இரு பிள்ளைகள் உண்டு.

மறைவும் நினைவும்

பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட பெக்கி ஆஷ்கிராஃப்ட் 1991 சூன் 14 அன்று இலண்டனில் காலமானார். சேக்சுபியர் வாழ்ந்த வீடு இருந்த நியூ பிளேஸ் தோட்டத்தில் 1969இல் அவர் ஒரு முசுக்கொட்டை மரம் நட்டிருந்தார். அவரது அஸ்தி அம்மரத்தைச் சுற்றித் தூவப்பட்டது. பிறந்த ஊரான குரோய்டனில் 1962இல் திறக்கப்பட்ட அரங்கு இவர் பெயரால் 'ஆஷ்கிராஃப்ட் அரங்கு' என வழங்குகிறது. 2005இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தின் கவிஞர் மூலையில் இவருக்கு நினைவுக்கல் பதிக்கப்பட்டது.