ஓசையில்லா மின்வழங்கி: தேர்ந்தெடுப்பது எப்படி?

கணினி வாங்கச் செல்லும்போது கடைக்காரரிடம் நாம் என்னென்ன கேட்கிறோம்? செயலி எது, நினைவகம் எவ்வளவு, திரை எத்தனை அங்குலம், விலையில் ஏதாவது குறைப்பீர்களா என்றெல்லாம் கேட்போம். 'உள்ளே இருக்கும் பவர் சப்ளை எப்படிப்பட்டது?' என்று கேட்பவர் மிக அரிது. நானும் கேட்கவில்லை. அதன் பலனை அனுபவித்தவர் என் அப்பாதான்.

அப்பா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் வேலை பார்ப்பவர். காலையில் வீடு திரும்பிப் பசியாறிவிட்டுப் பகலில்தான் உறங்குவார். எங்களுடையது இரண்டே அறைகள் கொண்ட அடுக்குமாடி வீடு. 2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது நான் இடைநிலைப்பள்ளி மாணவன். பாடமெல்லாம் இணையத்துக்கு மாறியதும், யாரோ பயன்படுத்திக் கழித்த மேசைக் கணினி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி வரவேற்பறையில் வைத்தோம். அதை முடுக்கினால் போதும், தையல் இயந்திரம் ஓடுவது போல இரைச்சல். அப்பாவின் தலைமாட்டுக்கும் அந்தக் கணினிக்கும் நடுவே ஒரு மெல்லிய சுவர் மட்டுமே இருந்தது.

அவர் ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. பிள்ளை படிக்கிறான் என்று பொறுத்துக்கொண்டார். ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில், சாலை விளக்கில் மோட்டார் சைக்கிளை நிறுத்தியவர் அப்படியே கண்ணயர்ந்துவிட்டாராம். பின்னால் நின்ற காரோட்டி ஹாரன் அடித்துத்தான் விழித்தார். இதை அம்மா என்னிடம் சொன்ன பிறகே அந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தேட ஆரம்பித்தேன். இன்று பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படிக்கிறேன். அன்று தட்டுத்தடுமாறிக் கற்றதையும் பின்னர் வகுப்பில் விளங்கியதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

இரைச்சல் மின்வழங்கியிலிருந்துதான் வருகிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். கணினிக்குள் செயலிக்கு ஒரு விசிறி, பெட்டிக்கு ஒன்றிரண்டு விசிறிகள், வரைகலை அட்டைக்கு வேறு விசிறி எனப் பல சுழல்கின்றன. நாளிதழைக் குழாய் போலச் சுருட்டி, ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொரு விசிறியின் அருகிலும் கொண்டு செல்லுங்கள். எது கத்துகிறது என்பது தெரிந்துவிடும். செயலி விசிறியில் தூசி அடைத்திருப்பதுதான் காரணம் என்றால் ஒரு தூரிகையே போதும், காசு மிச்சம்.

சரி, மின்வழங்கி ஏன் இரைகிறது? சுவரிலிருந்து நமக்குக் கிடைப்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கணினிக்கு வேண்டியதோ 12, 5, 3.3 வோல்ட் நேர்த்திசை மின்சாரம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் பெட்டிதான் மின்வழங்கி. மாற்றும்போது ஒரு பகுதி வெப்பமாக வீணாகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்றத்தான் விசிறி. ஆகவே சத்தத்தின் வேர் விசிறியில் இல்லை, வீணாகும் வெப்பத்தில் இருக்கிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கணினிக்கு 200 வாட் தேவை என்று வைத்துக்கொள்வோம். மின்வழங்கியின் செயல்திறன் 80 விழுக்காடு என்றால் சுவரிலிருந்து 250 வாட் இழுக்கும். 50 வாட் வெப்பமாகும். செயல்திறன் 90 விழுக்காடு என்றால் சுமார் 222 வாட் இழுக்கும். 22 வாட் மட்டுமே வெப்பமாகும். செயல்திறன் 10 விழுக்காடுதான் கூடியது. வெப்பமோ பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது! விசிறி அவ்வளவு வேகமாகச் சுழல வேண்டிய அவசியமே இல்லை. ஒரு விசிறியின் வேகத்தை இரட்டிப்பாக்கினால் சத்தம் ஏறக்குறைய 15 டெசிபெல் கூடும் என்பது பொறியாளர்களின் கணக்கு. 10 டெசிபெல் கூடினாலே நம் காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்றும். வேகம் குறைந்தால் கிடைக்கும் அமைதியை இதிலிருந்தே கணித்துக்கொள்ளலாம்.

செயல்திறனை எப்படிக் கண்டறிவது? 2004-இல் தொடங்கப்பட்ட '80 பிளஸ்' என்னும் சான்றிதழ் திட்டம் இதற்குக் கைகொடுக்கிறது. 20, 50, 100 விழுக்காட்டுச் சுமைகளில் குறைந்தது 80 விழுக்காடு செயல்திறன் இருந்தால் அடிப்படைச் சான்று. அதற்கு மேல் வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம், டைட்டானியம் எனப் படிகள் உண்டு. 115 வோல்ட் சோதனையில் தங்கச் சான்று பெற, பாதிச் சுமையில் 90 விழுக்காடு வேண்டும். நம் நாட்டு 230 வோல்ட்டில் அதே பெட்டி இன்னும் சற்று நன்றாகவே செயல்படும்.

தங்கச் சான்று வாங்கினால் மின்கட்டணம் குறையும் என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். கட்டுரை தட்டச்சு செய்யவும் படம் பார்க்கவும் பயன்படுத்தும் கணினியில் மிச்சமாவது பத்து வாட்டுக்கும் குறைவாகவே இருக்கும். அந்தப் பணத்தில் மாதம் ஒரு தே தாரிக் குடித்தால் பெரிது. நாம் காசு கொடுப்பது அமைதிக்காகத்தான்.

இங்கே பினாங்குவாசிகள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. 80 பிளஸ் சோதனை சுமார் 23 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நடப்பது. மதியம் இரண்டு மணிக்கு நம் வீட்டு வரவேற்பறை 31, 32 பாகையைத் தொடும். கணினிப் பெட்டிக்குள் அதைவிட அதிகம். அறை வெப்பம் ஏற ஏற விசிறியும் முன்கூட்டியே வேகமெடுக்கும். ஐரோப்பியர் ஒருவர் 'என் காதுக்குக் கேட்கவே இல்லை' என்று புகழும் பெட்டி நம் ஊரில் முணுமுணுக்கலாம். எனவே எத்தனை வாட் என்று மட்டும் பார்க்காமல், எந்த வெப்பநிலையில் அந்த வாட் என்றும் பாருங்கள். நல்ல தயாரிப்பாளர்கள் 40 அல்லது 50 பாகை என்று குறிப்பிட்டிருப்பார்கள். சைப்ரஸ் நாட்டின் சைபெனட்டிக்ஸ் என்ற அமைப்பு, செயல்திறனோடு இரைச்சலையும் அளந்து தனிச் சான்று கொடுக்கிறது. அதில் 'ஏ' வரிசைத் தரம் பெற்றவற்றைத் தேடலாம். 'ஏ மைனஸ்' என்றால் சராசரி 25 முதல் 30 டெசிபெல் வரை. கூட்டல் குறி கூடக்கூடச் சத்தம் குறைவு.

அடுத்து வாட் கணக்கு. என் பழைய மின்வழங்கியின் மேல் '500 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது. பக்கவாட்டில் ஒட்டியிருந்த அட்டவணையைப் படித்தபோதோ, 12 வோல்ட்டுக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தது. பெருக்கிப் பாருங்கள்: 216 வாட். இன்றைய கணினி தன் தேவையில் பெரும்பகுதியை 12 வோல்ட் வழியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆக, 500 என்பது வெறும் அலங்காரம்! 216 வாட் பெட்டி மூச்சு முட்ட உழைத்ததால்தான் அந்த இரைச்சல். கடையில் எதை எடுத்தாலும் முதலில் அந்த அட்டவணையைத் திருப்பிப் படியுங்கள். 12 வோல்ட்டின் வாட், மொத்த வாட்டுக்கு நெருக்கமாக இருந்தால் அது நேர்மையான பெட்டி.

தனி வரைகலை அட்டை இல்லாத கணினி, முழு வேலையிலும் 150 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். அதற்கு 450 வாட் தாராளம். நடுத்தர வரைகலை அட்டை இருந்தால் 550 முதல் 650 வரை. தேவையைப் போல இரு மடங்கு என்பது நல்ல கணக்கு, ஏனெனில் பாதிச் சுமையில்தான் செயல்திறன் உச்சத்தில் இருக்கும். நண்பன் சொன்னான் என்று 1000 வாட் வாங்குவது வீண். அது பெரும்பாலும் பத்து விழுக்காட்டுக்கும் குறைவான சுமையில் கிடக்கும். அங்கே செயல்திறன் சரிந்துவிடும்.

விசிறியின் அளவுக்கு வருவோம். ஏ.டி.எக்ஸ். என்னும் அளவுத்தரத்தை இன்டெல் நிறுவனம் 1995-இல் வெளியிட்டது. 1972-இல் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை நம் பாயான் லெப்பாஸில் திறந்த அதே இன்டெல்தான். அந்தத் தரப்படி மின்வழங்கியின் உயரம் 86 மில்லிமீட்டர். பின்பக்கத்தில் விசிறி வைத்தால் 80 மில்லிமீட்டருக்கு மேல் இடமில்லை. அகன்ற பக்கத்தில் வைத்தால் 120 அல்லது 135 மில்லிமீட்டர் விசிறி அடங்கும். பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தள்ளும். பின்னால் சின்ன விசிறி தெரியும் பெட்டியை வாங்காதீர்கள். விசிறி அச்சு எண்ணெய்ப் படலத்தில் மிதக்கும் வகை என்றால் நீண்ட நாள் அமைதியாக ஓடும். மலிவான வகையோ நாளடைவில் கரகரக்கத் தொடங்கிவிடும்.

சுமை குறைவாக இருக்கும்போது விசிறி அறவே நின்றுவிடும் வகையும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், நம் வெப்பத்தில் அது நிற்பதும் ஓடுவதுமாக இருக்கக்கூடும். தூங்குபவருக்குச் சீரான மெல்லிய ஓசையைவிட விட்டுவிட்டு வரும் ஓசைதான் தொல்லை. அந்த வசதியை அணைத்துவைக்கப் பொத்தான் இருந்தால் வாங்கலாம். விசிறியே இல்லாத மின்வழங்கியும் கிடைக்கிறது. குளிர்சாதன வசதி இல்லாத நம் வீடுகளுக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். வெப்பம் 10 பாகை ஏறினால் உள்ளே இருக்கும் மின்தேக்கிகளின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

விசிறி நின்ற பிறகும் கொசு ரீங்காரம் போல ஒன்று கேட்டால், அது கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது. வரைகலை அட்டையிலிருந்தும் வரலாம். சான்றிதழ் எதுவும் இதற்கு உத்தரவாதம் தராது. ஆகவே மாற்றித் தர ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

நான் செய்யவிருந்த ஒரு மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். விசிறியை மட்டும் மாற்றிவிடலாம் என்று பழைய மின்வழங்கியைத் திருகாணியால் திறக்கப் போனேன். 230 வோல்ட்டை நேர்த்திசையாக்கினால் உள்ளே மின்தேக்கியில் 325 வோல்ட் வரை ஏறி நிற்கும்; பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சில நேரம் அங்கேயே தங்கியிருக்கும். உயிர் போகும் அளவு. தயவுசெய்து திறக்காதீர்கள். பழைய பெட்டிகளில் பின்னால் சிவப்பு நிறத்தில் 115, 230 என்று ஒரு மாற்றி இருக்கும். அது 115-இல் இருக்கும்போது நம் சுவரில் செருகினால் பட்டென்று வெடித்துவிடும். பல்லிக் குடும்பம் குடியேறியிருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சும்மா சொல்லவில்லை.

கடைசியில் ஜார்ஜ்டவுனில் ஒரு கடையில் 450 வாட், தங்கச் சான்று, 120 மில்லிமீட்டர் விசிறி கொண்ட ஒன்றை வாங்கினேன். தீபாவளிக்குச் சேர்ந்த அன்பளிப்புப் பணம் முழுவதும் அதற்கே போயிற்று. மேசையின் மூடிய அறைக்குள் இருந்த கணினியை வெளியே எடுத்து, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்தேன். அதனாலும் சத்தம் குறைந்தது. இரண்டாம் நாள் பகல் ஒரு மணிக்கு அறைக்குள்ளிருந்து அப்பாவின் குறட்டை கேட்டது. அதுவரை அந்த ஒலியைக் கணினி மறைத்திருந்தது.

பழைய மின்வழங்கியைக் குப்பைத்தொட்டியில் போட மனம் வரவில்லை. 2005-ஆம் ஆண்டு அட்டவணைக் கழிவு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவுகளுக்கு எஸ்.டபிள்யூ. 110 என்று தனிக் குறியீடே உண்டு. இப்போதைக்கு அது என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. வளாகத்தில் அடுத்த முறை மின்கழிவு சேகரிக்கும்போது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.